பம்பு இல்லாத வீரர்

பாதி விலைக்குப் பந்தய டயர் வாங்கிய கணக்காளருக்குக் கார் பந்தயப் பயிற்சி ஓட்டத்தில் கால் தரையில் பாவவில்லை. முதலாவதாக வந்த அவர், கடைசியாக வந்த பேக்கரிக்காரரிடம், "என்னண்ணே, டயரையும் ரொட்டி மாவுலயே செஞ்சுட்டீங்களா?" என்றார்.

ஓடிச் சூடேறினால் காற்றழுத்தம் கூடும் என்று ஓட்டத்துக்கு முன் கணக்காளர் தன் டயரில் காற்றைக் குறைத்திருந்தார். இப்போது ஆறிய டயர்கள் சப்பிக் கிடந்தன; காரை வீட்டுக்கு ஓட்ட முடியாது. காரின் பாரத்தைக் குறைக்க, அந்த மகாமேதை பம்பையும் வீட்டிலேயே விட்டு வந்திருந்தார். சாயங்காலம் பள்ளி மேடையில் அவர் மகள் முதன்முதலாகப் பாடுகிறாள். அப்பா வருவார் என்று காத்திருப்பாள்.

பேக்கரிக்காரர் தன் பம்போடு வந்து குனிந்தார். "இருங்க தம்பி, உங்க ரொட்டியும் கொஞ்சம் உப்பட்டும்."

மகள் பாடத் தொடங்கியபோது கணக்காளர் முன்வரிசையில் இருந்தார். ஆண்டவன் சில நாள் கடைசியாக வருகிறவரிடம்தான் பம்பைக் கொடுத்து அனுப்புகிறான்.