சாக்ஸ் போட்ட பாட்டில்

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் "நல்லா இருக்கு" என்று சொல்வது குற்றம். எந்த பீரை மோந்து பார்த்தாலும் அது எது மாதிரி என்று சொல்லியாக வேண்டும். வாழைப்பழத் தோல் மாதிரி, நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி, இரும்புக் கேட்டைப் பிடித்த உள்ளங்கை மாதிரி, எதுவாகவும் இருக்கலாம். "எது மாதிரின்னு தெரியல" என்று கையை விரித்தவர் அன்றைக்கு எல்லோருடைய கிளாஸையும் கழுவ வேண்டும். இந்தச் சட்டத்தைப் போட்டவன் என் தங்கையின் கணவன்.

மாப்பிள்ளை பேக்கரியில் ரொட்டி சுடுகிறவன். மாவு புளித்துவிட்டதா, இன்னும் பொறுக்க வேண்டுமா என்பதை மூடியைத் திறக்காமலே சொல்லிவிடுவான். "ரொட்டிக்குக் கூடப்பிறந்தது மச்சான், பீர்" என்று எனக்கு முதல் கிளாஸை நீட்டியதும் அவன்தான். அதுவரை நான் தாகத்துக்கு பீர் குடித்த ஜென்மம். அன்று அவன் சொன்னபடி மூக்கைக் கிளாஸுக்குள் விட்டு, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் கருகிய ரொட்டி ஓரம் வந்தது. அதற்குப் பின்னால் காப்பிக்கொட்டை. எல்லாம் அடங்கிய பிறகு, எங்கோ தூரத்தில், உலர்ந்த திராட்சை. உள்ளே இருப்பது பார்லி, தண்ணீர், கசப்புக்கு ஒரு பூ, ஈஸ்ட், அவ்வளவுதான் என்றான். இந்த நாலுக்குள் திராட்சை எந்த வழியாக நுழைந்தது? எனக்குப் புல்லரித்துப் போனது. இன்று வரை அந்த ஆச்சரியம் தீரவில்லை.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவன். "இதுவா, அதுவா, எது தெளிவா இருக்கு?" என்று நாள் பூராவும் கேட்டுக்கொண்டே இருப்பது என் பிழைப்பு. அதனாலோ என்னவோ, ஒவ்வொரு பீருக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவதில் எனக்குக் கை நீளாது. ஏழரைக்கு மேல் போட்டதே கிடையாது. கூட்டத்தில் என் பெயர் கஞ்சன். மேல்வீட்டு பஸ் டிரைவர் எனக்கு நேர் எதிர். கழுநீரை ஊற்றிக் கொடுத்தாலும் ஏழு போடுவார், பாவம், யார் மனதையும் புண்படுத்தத் தெரியாத மனிதர். நாலாவது ஆள் எதிர்வீட்டுக் கணக்கு டீச்சர். நான் அரை மார்க் குறைத்தாலும் காரணம் கேட்டுக் குடைந்து எடுத்துவிடுவார்.

லேபிளைப் பார்த்தால் மனசு சாயும் என்பதால் பாட்டில்களுக்குச் சாக்ஸ் போட்டுவிடுவோம். டிரைவரின் யூனிஃபார்ம் சாக்ஸில் ஜோடி தொலைந்து போனவையெல்லாம் எங்களுக்குத்தான். எந்தச் சாக்ஸுக்குள் எந்த பீர் என்பது ஊற்றிக் கொடுக்கும் என் தங்கைக்கு மட்டுமே தெரியும். தங்கை வீட்டுச் சமையலறைக் கதவின் உள்பக்கத்தில் சாக்பீஸால் மார்க் எழுதுவோம்.

போன வருஷம் மாப்பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, போகும்போது அவன் வாசனையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. வெங்காயத்தை நசுக்கி மூக்கில் வைத்தாலும் ஒன்றுமில்லை. வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் நழுவிக்கொண்டார். பேக்கரியில் அவனை அடுப்பிலிருந்து எடுத்துப் பாக்கெட் போடும் மேஜைக்கு மாற்றினார்கள். அதைக்கூட அவன் தாங்கிக்கொண்டான். தாங்க முடியாதது வேறொன்று. அந்தக் காய்ச்சலுக்குப் பிறகுதான் அவனுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

"வர்றவங்க எல்லாம் பாப்பாவ தூக்கினதும் தலையில மோந்து பாக்கறாங்க மச்சான்" என்று ஒரு நாள் மாடிப்படியில் வைத்துச் சொன்னான். "கண்ண மூடிட்டு சிரிக்கறாங்க. போஸ்ட்மேன்கூட மோந்துட்டாரு. நான் பெத்தவன், எனக்கு மட்டும் போட்டோவ பாக்கற மாதிரி இருக்கு."

கையாலாகாதவனாக அவன் தோளைத் தட்டினேன்.

கூட்டத்தை நிறுத்திவிடலாம் என்று நாங்கள் சொன்னபோது அவன்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "நான் ஒப்புக்குச் சப்பாணியா உக்காந்துக்கறேன். நீங்க பேசறத கேட்டாவது எனக்கு ஞாபகம் வரட்டும்" என்றான். அதற்கப்புறம் நாங்கள் மோந்து பார்த்ததெல்லாம் அவனுக்காகத்தான். டிரைவர்கூட ஏழோடு நிறுத்தாமல், "பஸ் ஸ்டார்ட் பண்ணாம ரொம்ப நாள் நின்னா சீட்டுல ஒரு வாசனை வரும் பாரு தம்பி, அது" என்று திணறித் திணறிச் சொல்லக் கற்றுக்கொண்டார். மாப்பிள்ளை ஒவ்வொன்றையும் தலையாட்டிக் கேட்பான். கசப்பு, குளிர்ச்சி, நாக்கில் சுருக்கென்று குத்துவது, இவற்றை வைத்து அவன் ஒரு மார்க் சொல்லுவான். ஆனாலும் பழக்கத்தை விடாமல் முதலில் கிளாஸுக்குள் மூக்கை விடுவான். அதைப் பார்க்கும்போது நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அந்த ஞாயிறு மதியமும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. குழந்தை உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தது. கறுப்பு பீர் ஒன்றுக்கு நான் ஆறரை போட்டு டீச்சரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். தங்கை கடைசிப் பாட்டிலை எடுத்து வந்தாள். சாக்ஸுக்குள் அது குட்டையாக, கழுத்தே இல்லாமல் இருந்தது. ஊற்றினாள். வெளிறிய மஞ்சள் நிறம், மெல்லிய நுரை. பார்க்க ஒரு லட்சணமும் இல்லை. நான் அலட்சியமாக மூக்கை நுழைத்தேன்.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பூ வாசனை. ஆனால் எந்தப் பூவும் இல்லை, பூக்களையெல்லாம் சேர்த்து உதறிப் போட்ட மாதிரி ஒரு சுத்தம். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு, "விடியக்காலைல தோட்டத்து ஜன்னல திறந்த மாதிரி" என்றார். டிரைவர் ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு மறுபடி கிளாஸுக்குள் போய்விட்டார். தானியத்தையும் தண்ணீரையும் வைத்துக்கொண்டு எவனோ ஒருவன் இதைச் செய்திருக்கிறான் என்று நினைத்தபோது எனக்கு அவன் காலில் விழ வேண்டும் போலிருந்தது. எழுந்து போய்க் கதவில் ஒன்பது என்று எழுதினேன். டிரைவர் கைதட்டினார். கஞ்சன் ஒன்பது போட்டது எங்கள் கூட்டத்தில் சரித்திரம்.

"சோப்பு" என்றான் மாப்பிள்ளை.

நான் திரும்பினேன். அவன் கிளாஸை மூக்கிலிருந்து எடுக்கவில்லை.

"இது பீர் வாசனை இல்ல மச்சான். துணி சோப்பு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒன்பது போட்டிருக்கிறேன், சோப்பாம். "என்ன மாப்ள, சோப்பா? அந்த நுரைய பாரு, அந்த..." என்று ஆரம்பித்தேன். அவன் சொன்னது சரியா தவறா என்று அடித்துப் பேசத் தயாரானேனே தவிர, அவன் அதை எப்படிச் சொன்னான் என்று எனக்கு உறைக்கவில்லை. டீச்சர் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

தங்கை பாட்டிலிலிருந்து சாக்ஸை உருவினாள். பாட்டில் குட்டையாக இருந்ததால் சாக்ஸ் அதன் வாயையும் தாண்டி மேலே நின்றிருக்கிறது. பீர் முழுக்கச் சாக்ஸின் ஓரத்தை நனைத்துக்கொண்டுதான் எங்கள் கிளாஸுக்குள் இறங்கியிருக்கிறது. அவள் ஈரச் சாக்ஸை மோந்து பார்த்தாள்.

"ஆமா. இந்தத் தடவ சாக்ஸெல்லாம் பாப்பா துணியோட சேத்துத் துவைச்சேன்" என்றாள். பிறகு அவள் குரல் மாறியது. "என்னங்க, உங்களுக்கு வாசனை தெரியுதா?"

லேபிளைப் பார்த்தேன். கடையில் கிடைப்பதிலேயே மட்டமான பீர். மூக்குடைபட்டதுகூட எனக்கு அப்போது பெரிதாகத் தெரியவில்லை. என் கை தன்பாட்டில் வேலைப் பழக்கத்துக்குப் போனது.

"மாப்ள, கண்ண மூடு."

கறுப்பு பீரை ஒரு பக்கமும் சாக்ஸ் பீரை மறுபக்கமும் அவன் மூக்குக்கு நேரே பிடித்தேன். "இதுவா, அதுவா?"

"முதல்ல ஒண்ணுமில்ல. ரெண்டாவது சோப்பு."

கையை மாற்றினேன். "இப்ப?"

"இப்ப முதல்ல சோப்பு. இன்னொண்ணு..." நெற்றியைச் சுருக்கினான். "ஒண்ணுமில்ல மச்சான். பீர் வரல. சோப்பு மட்டுந்தான் வருது. லேசா, கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கற மாதிரி."

கிளாஸ்களை மேஜையில் வைத்தேன். அவன் கண்ணைத் திறந்து ஈரச் சாக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப பாப்பா துணியெல்லாம் இந்த வாசனைதானா?" என்று தங்கையிடம் கேட்டான்.

"துணி இந்த வாசனை" என்றாள் அவள். "பாப்பா வேற."

அவன் எழுந்தான். உள்ளறை வாசல் வரைக்கும் போய் அங்கேயே நின்றுவிட்டான். எனக்குப் புரிந்தது. இத்தனை நாளும் எந்த வாசனையும் தெரியாததால் குழந்தையின் வாசனையும் தெரியவில்லை. இப்போது குனிந்து பார்த்து, சோப்பு வந்து குழந்தை வராமல் போனால்? நான் சாமி கும்பிடுகிற ஆள் இல்லை. ஆனாலும் அந்த நிமிஷம் யார் காதில் விழுந்தாலும் சரி என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

தங்கை அவன் முதுகில் கை வைத்து மெல்லத் தள்ளினாள்.

நாங்கள் இருந்த இடத்திலிருந்து தொட்டில் தெரிந்தது. அவன் மண்டியிட்டான். குழந்தையின் உச்சந்தலைக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோனான். மாவுப் பாத்திரத்தின் பக்கத்தில் அந்தக் காலத்தில் நிற்பானே, அதே மாதிரி வாயை மூடிக்கொண்டு, அசையாமல். டிரைவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். அப்படியே ரொம்ப நேரம் இருந்தான். அவன் தோள் ஒரு தடவை குலுங்கியது, அப்புறம் மறுபடியும்.

திரும்பி வந்தபோது அவன் முகம் நனைந்திருந்தது. துடைத்துக்கொள்ள வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. டீச்சர்தான், கேட்காமல் இருக்க முடியாமல், ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

"எது மாதிரி?"

அவன் சொல்லப் பார்த்தான். நனைந்த வைக்கோல், சூடான சாவி, புது ஷூ டப்பா என்று எங்களுக்கெல்லாம் வார்த்தை கற்றுக்கொடுத்தவன், வாயைத் திறந்து மூடினான். மறுபடியும் திறந்தான்.

"வந்துச்சு டீச்சர். ஆனா எது மாதிரியும் இல்ல" என்றான்.

பிறகு மேஜையிலிருந்த கிளாஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கத் தொடங்கினான்.

"அட, விடு தம்பி" என்றார் டிரைவர்.

"சட்டம்னா சட்டந்தாண்ணே."

சட்டைக் கையை மடித்துக்கொண்டு பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் போனான். ஒவ்வொரு கிளாஸையும் கழுவுவதற்கு முன்னால் ஒரு முறை மோந்து பார்த்தான். வீட்டுக்குப் போக எங்களில் யாரும் எழுந்திருக்கவில்லை.