மருந்துக் கணக்கில் வராத ஜமு

"வேற மருந்து ஏதாவது சாப்பிடறீங்களா, பு?" என்று மூன்று வாரத்துக்கு முன் நர்ஸ் வெனிங் கேட்டிருந்தாள். 'பு' என்றால் அந்த ஊரில் அம்மா. "இல்லையே" என்றாள் பைனெம். 'இல்லை' என்று படிவத்தில் எழுதியது வெனிங்கின் கைதான். அன்று காலை குடித்த ஜமுவின் மஞ்சள் அப்போதும் வெனிங்கின் நாக்கிலேயே ஒட்டியிருந்தது.

அந்த ஜமுவை மருத்துவமனை வாசலில் விற்பவளே பைனெம்தான். மஞ்சளும் இஞ்சியும் புளியும் அரைத்துக் கரைத்த சாறு. காலையில் முதல் தம்ளரை அவளே குடித்துவிட்டுத்தான் மற்றவர்களுக்கு ஊற்றுவாள். ஜாவாவின் சோலோ நகரத்தில் அதை யாரும் படிவத்தில் சொல்லுகிற மருந்தாக நினைப்பதில்லை.

இன்று பைனெமின் கருப்பைக் கட்டியை எடுக்க வேண்டும். அறுவை அரங்குக்குப் படுக்கையைத் தள்ளிக்கொண்டு போகையில், கம்பியைப் பிடித்திருந்த அவள் நகங்களின் மஞ்சள் வெனிங்கின் கண்ணில் பட்டது.

"ஜமுவை எப்ப நிறுத்தினீங்க?"

"எதுக்கு நிறுத்தணும்? நேத்துகூட ரெண்டு தம்ளர் குடிச்சேன். தெம்பு வேணாமா?"

வெனிங்குக்குத் தெரியும். தினமும் குடித்தால் ரத்தம் உறைவது தாமதமாகலாம். முன்பே நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். பைனெமுக்கோ அந்தப் பக்கத்தில் அபூர்வமான நெகட்டிவ் ரத்தம். எங்கெங்கோ தேடிக் கிடைத்தது ஒரே ஒரு பை.

ஒன்றும் ஆகாமலும் போகலாம் என்று நினைத்தாள். அப்படி நினைத்தபடியே பத்தடி தள்ளிக்கொண்டும் போனாள். கதவருகில்தான் கால் நின்றது.

அவள் விஷயத்தைச் சொன்னபோது டாக்டர் பிரதிக்னோ சத்தம் போடவில்லை. "தினமும் அவங்ககிட்டதானே வாங்கிக் குடிக்கிற?" என்று மட்டும் கேட்டார். அறுவையை இரண்டு வாரம் தள்ளிவைத்து, அதுவரை இரும்புச்சத்து ஊசி போடச் சொன்னார்.

"இன்னும் ரெண்டு வாரம் இந்த ரத்தப்போக்கோட கிடக்கணுமா?" பைனெமின் குரல் உடைந்தது. "நான்தான் படிக்காதவ. உனக்கென்ன கேடு, சிஸ்டர்?"

வெனிங் படுக்கையை வார்டுக்குத் திருப்பினாள்.

மறுநாள் காலை பைனெம் வாசலில் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. இடுப்பில் சால்வையை இறுக்கிக் கட்டியிருந்தாள். வெனிங்கைக் கண்டதும் ஒரு தம்ளர் ஊற்றி நீட்டினாள்.

"நீங்க குடிக்கலையா, பு?"

"எனக்குத்தான் தடையாச்சே. நீ குடி, புள்ள. உனக்கென்ன ஆபரேஷனா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தம்ளரை உதட்டுவரை கொண்டுபோனாள் வெனிங். ஒரு மடக்குக்கூடக் குடிக்காமல் கீழே வைத்தாள்.