குசினி இல்லாத விடுமுறை

வசந்தமலர் பத்து வருடமாகக் கோடை விடுமுறைக்குப் போய்வருகிறாள். பத்து வருடமும் வெங்காயம் உரித்ததுதான் மிச்சம். லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் கார் புறப்படும்போது அது உல்லாசப் பயணமாகத்தான் இருக்கும். பாரிசிலோ டோர்ட்மண்டிலோ போய் இறங்கியதும் கணவர் பாலேந்திராவின் சொந்தக்காரர் வீடு வந்துவிடும். ஆண்கள் ஹோலில் இருந்து அரசியல் பேசுவார்கள். வீட்டுக்காரி, "நீங்கள் இருங்கோ அக்கா" என்று வாயால் சொல்லிக்கொண்டே குசினி அடுப்படியில் வைத்துக் கத்தியை நீட்டுவாள். ஈஃபில் கோபுரத்தை வசந்தமலர் பார்த்தது ஒரு குசினி யன்னலால். அதுவும் மேல்பாதி மட்டும்.

ஆகவே 1994ஆம் ஆண்டுக் கோடைக்கு அவளே ஊரைத் தேர்ந்தெடுத்தாள். ஸ்பெயினின் வடகரை, பாஸ்க் கடலோரம். கிழக்கு லண்டனில் பிளேஸ்டோ, பார்க்கிங் பகுதிகளில் உள்ள தெரிந்தவர்களுக்கெல்லாம் தொலைபேசி எடுத்து, அந்தப் பக்கம் தங்களுக்குத் தெரிந்த தமிழர் ஒருவரும் இல்லையென்று சொல்லவைத்தாள். மாப்பிள்ளை பார்க்கிறவர்கள்கூட அவ்வளவு விசாரிக்கமாட்டார்கள். அறையையும் குசினி இல்லாததாகவே பார்த்துப் பதிந்தாள். ஒரு கிழமைக்கு அகப்பையைத் தொடப்போவதில்லை என்று கணவரிடமும் மகள் கிரிஜாவிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

போர்ட்ஸ்மத்தில் கப்பல் ஏறி, பில்பாவோவில் இறங்கி, சரவுட்ஸ் என்ற கடற்கரை ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இரண்டு நாள் அவள் மணலில் காலை நீட்டிக்கொண்டு ஒன்றுமே செய்யாமல் இருந்தாள். ஒன்றும் செய்யாமல் இருப்பது இவ்வளவு இன்பமென்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. பாலேந்திராவுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. மிளகாய்த்தூள் போடாத மீனைச் செத்தவீட்டில் சாப்பிடுகிறவர் போலச் சாப்பிட்டார். பேச ஆளில்லாமல் கடலைப் பார்த்துக் கொட்டாவி விட்டார்.

மூன்றாம் நாள் மத்தியானம், அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த கடையின் பின்கதவால் குப்பைப் பையோடு ஒருவன் வெளியே வந்தான். எங்கள் ஊர் முகம். பார்த்தவுடனே பாலேந்திரா எழும்பிவிட்டார். வசந்தமலர் அவருடைய சேட்டின் நுனியைப் பிடித்து இழுத்தாள். பிந்திவிட்டது.

"தம்பி, ஊரிலை எவடம்?"

பத்து நிமிடத்தில் முழு வரலாறும் வந்துவிட்டது. பெயர் யோகராஜா. லண்டன் என்று சொல்லிக் காசு வாங்கிய ஏஜென்சிக்காரன் இந்த ஊரில் இறக்கிவிட்டுப் போய் இரண்டு வருடம். அன்றிலிருந்து இந்தக் கடையில் சட்டிபானை கழுவுகிறான். பாலேந்திராவின் பெரியம்மாவின் மருமகளுக்கு ஒன்றுவிட்ட தம்பி. இந்தக் கடைசி விசயம் வெளிப்பட்டபோது பாலேந்திராவின் முகத்தில் மூன்று நாளைக்குப் பிறகு இரத்தம் ஓடியது. பின்னேரம் எல்லோரும் கட்டாயம் தன் அறைக்குச் சாப்பிட வரவேண்டும் என்றான் யோகராஜா. வசந்தமலருக்கு அழுகை வந்தது. கேட்டது ஒரு கிழமை, கிடைத்தது இரண்டரை நாள்.

அறைக்குள் போனதும் அவள் நேரே மூலையில் இருந்த அடுப்படிக்குப் போய், கையை மடித்துவிட்டு, வெங்காயம் எங்கே என்று கேட்டாள். கேட்ட குரலிலேயே காரம் இருந்தது. யோகராஜா குறுக்கே வந்து நின்றான். வாயால் மட்டும் சொல்லும் கலை அவனுக்குத் தெரியாது. கதிரையை இழுத்துப் போட்டு, அவள் அதில் உட்காரும்வரை அடுப்பை மூட்டவில்லை.

"நீங்கள் இருங்கோ அக்கா. ரெண்டு வருசமா நான் ஒருத்தருக்கும் எங்கடை சாப்பாடு குடுக்கேல்லை."

சோறு குழைந்து போயிருந்தது. மீன் குழம்பில் உப்பை அள்ளிக் கொட்டியிருந்தான். ஆனால் முதல் கோப்பைச் சோற்றை, ஆவி பறக்க, அவள் கையில்தான் கொடுத்தான். கலியாணமாகிப் பதினாலு வருடத்தில் முதலில் அவளுக்குப் போட்டு, அவள் சாப்பிடுவதை ஒருவர் ஆசையாகப் பார்த்துக்கொண்டு நிற்பது இதுதான் முதல் தடவை. அவள் தண்ணீரை எடுத்து மளமளவென்று குடித்தாள். நல்லவேளை, உப்பின்மேல் பழியைப் போடலாம்.

பாலேந்திரா ஒரு வாய் வைத்தார். தண்ணீரை எடுத்தார். உப்பைப் பற்றி வீட்டில் வழக்கமாகச் சொல்லும் வசனத்தைத் தொடங்கினார். வசந்தமலர் அவருடைய காலில் மிதித்த மிதியில் அது பாதியில் நின்றது.

"உப்புக் கூடிப்போச்சோ அக்கா?" என்று யோகராஜா பயந்துகொண்டு கேட்டான்.

"அளவாக் கிடக்கு," என்றாள், கணவரைப் பார்த்துக்கொண்டு.

பாலேந்திரா அதற்குப் பிறகு தலை நிமிரவில்லை. கோப்பையில் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். பிறகு கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழும்பி, கழுவுகிற இடம் எது என்று கேட்டார். அது ஒரேயொரு அறை. தொட்டி அவருடைய முழங்கையில் இடித்துக்கொண்டிருந்தது. கிரிஜா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வசந்தமலர் எழும்பவில்லை. கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டு கோப்பையை நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் போடுங்கோ தம்பி."