இருநூறு டிகிரி வரை

1

விளக்குப் பிடிக்கப் போன இடத்தில் கிடைத்தது இந்தக் கதை.

ஒரு சனிக்கிழமை காலை. பக்கத்து வீட்டு ராஸ் பாஸ்கோ வேலிக்கு மேலே தலையை நீட்டி, டார்ச் பிடிக்க ஆள் வேண்டும் என்றார். ஆஸ்திரேலியாவின் போர்ட் அகஸ்டாவில் பதினெட்டு வருஷமாக அவரும் நானும் அடுத்தடுத்த வீடு. போனேன். நாலு சக்கரமும் இழுக்கும் அவருடைய டீசல் வண்டியின் முன்மூடி திறந்திருந்தது. புகையின் சூட்டை அளக்கும் மீட்டர் ஒன்றைப் பொருத்தப் போகிறாராம்.

அன்று எனக்கு அது வெறும் மீட்டர்.

2

முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

துளையிடும்போது ராஸ் மூச்சு விடவில்லை. அவருடைய

அடித்துவிட்டேன். எதில் துளை, எதற்குத் துளை என்று உங்களுக்குத் தெரியாது. இரண்டாவது வரைவு:

டீசல் எஞ்சினின் ஆயுள் அதன் புகையின் சூட்டில்

இது கட்டுரை. மூன்றாவது:

நான்கு வருஷமாக டேமியன் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வரவில்லை.

டேமியன் ராஸின் மகன். கதை இதுதான். ஆனால் இதில் தொடங்கினால் மீட்டர் ஒரு சாக்காகிவிடும். மீட்டர் சாக்கு இல்லை. அது இல்லாமல் இதில் எதுவுமே நடக்காது. அதனால் சனிக்கிழமைக்கே திரும்புகிறேன்.

3

எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் வார்ப்பிரும்புக் குழாயில், எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவுக்கு முன்னால், ஒரு துளை. அதில் மரை போட்டு, பேனா ரீஃபில் கனத்தில் ஒரு கம்பியை இறுக்க வேண்டும். கம்பியின் முனை புகைக்குள் நிற்கும். சூட்டை மீட்டர் சொல்லும்.

டர்போவுக்குப் பின்னால் வைத்திருந்தால் வேலை சுலபம். ஆனால் அங்கே புகை ஆறிவிடும், மீட்டர் குறைத்துக் காட்டும். ராஸ் அதற்குச் சம்மதிக்கவில்லை. பொய் சொல்லும் மீட்டர் எதற்கு என்றார்.*

டிரில் முனையில் கிரீஸைத் தடவினார். இரும்புத்தூள் அதில் ஒட்டிக்கொள்ளும். கடைசிச் சில மில்லிமீட்டருக்கு எஞ்சினை ஓடவிட்டுத் துளைத்தார். மிச்சத் தூளைப் புகையே வெளியே ஊதித் தள்ளும். ஒரு பொடி உள்ளே போனாலும் டர்போவின் இதழ்கள் போய்விடும்.

"வெளிச்சம் துளை மேல. என் மூஞ்சில அடிக்காதே."

(இங்கே ஒரு பொடி உள்ளே விழுந்ததாக எழுத ஆசை வந்தது. டர்போ உடையும், மீட்டர் மேல் பழி விழும், எனக்கும் வேலை மிச்சம். ஆனால் விழவில்லை. ராஸ் கவனமான ஆள். பின்னால் வரப்போவதை நினைத்தால் அதுதான் சங்கடம்.)

முன்கண்ணாடியின் வலது தூணில் மீட்டரைப் பதித்தார். அறுநூற்றைம்பது டிகிரியில் எச்சரிக்கை மணி. இத்தனை பாடு எதற்கு என்று கேட்டேன்.

"மாத்திப் போட்ட இந்த எஞ்சினையாவது எவனும் கொல்லாம பாத்துக்கணும்ல."

யாரைச் சொல்கிறார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

* இந்த வாக்கியத்தைக் கதையின் மையம் என்று யாராவது சொன்னால் மறுப்பேன். அவர் மீட்டரைப் பற்றித்தான் சொன்னார்.

4

நான்கு வருஷத்துக்கு முன் ஓர் ஈஸ்டர் விடுமுறை. டேமியன் இதே வண்டியையும், அது இழுத்துப் போகும் சக்கர வீடான கேரவனையும் இரவல் வாங்கி, மனைவி பிள்ளைகளோடு ஹாரக்ஸ் கணவாய் ஏறினான். மூன்றாவது வளைவில் பழைய எஞ்சின் செத்தது. திறந்து பார்த்தால் ஒரு பிஸ்டனின் தலை உருகிப் பிளந்திருந்தது.

ஏற்றத்தில் ராஸ் கியரைக் குறைக்கமாட்டார். ஐந்தாவதில் ஏறினேன் என்பது அவர் பெருமை. கேரவன் முகாம்களில் அவர் வயதுக்காரர்கள் இப்படித்தான் அளப்பார்கள். டேமியன் மேடு கண்டதும் நாலுக்கு மாற்றுவான். எஞ்சின் கத்தும்.

வண்டியை இழுத்து வந்த அன்று, முற்றத்தில், பேரப்பிள்ளைகள் பார்க்க, ராஸ் சொன்னார்: "கதற வெச்சே கொன்னுட்ட. உன்கிட்ட எதையும் நம்பிக் குடுக்க முடியாது."

டேமியன் தன் காரில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனான்.

(நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். ராஸ் என்னைப் பார்த்து, நீயே சொல்லு என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன்.)

5

அடுத்த பகுதி நடந்தபோது நான் அங்கே இல்லை. ராஸின் மனைவி காலீன் சொன்னது பாதி. மீதி என் ஊகம்.

புதன்கிழமை கேரவனை மாட்டிக்கொண்டு இருவரும் மூன்று மாதப் பயணம் கிளம்பினார்கள். ஹாரக்ஸ் கணவாய். ஐந்தாவது கியர். ராஸின் கால் மிதியில் முழுதாக அழுந்தியிருந்தது. எஞ்சின் கத்தாமல் அடித்தொண்டையில் உறுமியது. அவருக்குப் பிடித்த ஒலி.

முள் ஐந்நூற்று நாற்பதில் இருந்தது. பிறகு அறுநூற்றுப் பத்து.

"அது ஏறுது," என்றார் காலீன்.

"மேடுன்னா ஏறத்தான் செய்யும்."

மணி அடித்தது. அறுநூற்று எண்பது. மீட்டர் கோளாறு என்றார் ராஸ். காலீன் சிரித்தார். நீயே ஒரு நாள் காலை பூரா உக்காந்து போட்டதுதானே என்றார். எழுநூற்று இருபது. மூன்றாவது வளைவு வந்தது.

ராஸ் நாலுக்கு மாற்றினார்.

எஞ்சின் வீறிட்டது. முள் நின்றது. பிறகு இறங்கத் தொடங்கியது. அறுநூற்று ஐம்பது. அறுநூறு. மணி ஓய்ந்தது. ஐந்நூற்று அறுபதில் நிலைத்தது. வண்டி முன்பைவிட வேகமாக ஏறியது.

வேகமாகச் சுற்றும் எஞ்சின் அதிகக் காற்றை இழுக்கும், சூடு குறையும். உயர்ந்த கியரில் முக்க வைத்தால் உள்ளே வேகும். பிஸ்டன் ஒரே நாளில் உருகுவதில்லை. வருஷக்கணக்கில் விரிசல் விடும். கடைசியில் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில் சாகும். இதையெல்லாம் யாரும் ராஸுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

முள்ளைப் பார்த்துக்கொண்டே காலீன் சொன்னார்:

"இது டேமியன் ஓட்டற சத்தம்."

6

முடிவுகள்.

ராஸ் மகனை அழைத்து மன்னிப்புக் கேட்கிறார். ஒரு பக்கம் எழுதினேன். ஒரு வார்த்தைகூட அவர் வாயில் ஒட்டவில்லை. கிழித்துவிட்டேன்.

ராஸ் மீட்டரைக் கழற்றி, துளையில் ஒரு போல்ட்டைப் போட்டு மூடிவிடுகிறார். இது அவர் செய்யக்கூடியதுதான். ஆனால் விளக்குப் பிடித்தவன் நான். அந்தத் துளைக்கு அவர் எவ்வளவு பொறுமையாக உட்கார்ந்திருந்தார் என்று தெரியும். எழுத மனம் வரவில்லை.

டேமியன் தானாகவே

இல்லை. அவன் செய்ய வேண்டியது எதுவும் இல்லை.

காலீனிடமே கேட்டேன். "அதெல்லாம் எங்க வீட்டு விஷயம். நீ மீட்டரைப் பத்தி எழுது," என்றார்.

7

ஆகவே மீட்டர்.

கணவாயின் உச்சியில் ராஸ் வண்டியை ஓரம் கட்டினார். இப்படி ஏறி வந்த டர்போ வண்டியை உடனே அணைக்கக் கூடாது. எஞ்சினை நின்ற இடத்திலேயே ஓடவிட வேண்டும். முள் இருநூறுக்கு இறங்கிய பிறகுதான் சாவியைத் திருப்பலாம். அவர் கவனமான ஆள் என்று சொன்னேனே. காத்திருப்பார்.

முள் முந்நூற்று நாற்பதில் இருக்கிறது. உச்சியில் போனுக்கு சிக்னல் உண்டு. போன் காலீனின் மடியில். டேமியனின் பெயரைத் திரையில் வரவைத்து, ராஸிடம் நீட்டுகிறார். இதுவரை காலீனே சொன்னது.

முந்நூற்றுப் பத்து. இறங்கி டயரைத் தட்டிப் பார்க்கப் போகலாம். ஆனால் எஞ்சின் ஓடும்போது ராஸ் இருக்கையை விட்டு எழமாட்டார். இருநூற்று எண்பது. அவர் கை இன்னும் கியர்த் தடியின் மேல்.

இருநூறுக்கு இன்னும் இரண்டு நிமிஷம் ஆகும். அதற்குள் அவர் போனை வாங்குவாரா, மாட்டாரா? அந்த நேரம் உங்களுடையது. விளக்கை நான் பிடிக்கிறேன், அவர் முகத்தில் அடிக்காமல்.