பரணில் ஆணி மட்டும் இருந்தது

எங்கள் சதுப்பில் வீடு கட்டுகிறவன் ஜன்னலுக்குக் கண்ணாடி போட மறந்தாலும் மறப்பான், பரணில் கோடாரி மாட்ட மறக்கமாட்டான். புயல் வந்தால் கடல் வீட்டுக்குள் வரும், ஜனங்கள் பரணில் ஏறுவார்கள். தண்ணீர் அங்கேயும் வந்துவிட்டால் கூரையை உள்ளிருந்து வெட்டித்தான் வெளியே வரவேண்டும். கோடாரி இல்லாமல் ஏறினவர்களைத் தண்ணீர் வடிந்த பிறகு மற்றவர்கள்தான் எடுக்கவேண்டும். லூசியானாவின் இந்தத் தென்கோடியில் நேற்றுப் பிறந்த குழந்தைக்கும் இது தெரியும். தெரிந்தும், எங்கள் வீட்டுக் கோடாரியைக் கொண்டுபோய் ஓடையில் வீசினவள் நான்தான்.

என்ன செய்வது, அந்த ஞாயிற்றுக்கிழமை அப்படி! நவம்பர் மாதம், அடுப்பில் வாத்துக்கறி போட்ட கம்போக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. "வருஷா வருஷம் தண்ணில முழுகிட்டு என்னால இருக்க முடியாது, புள்ளைங்களக் கூட்டிட்டு டவுனுக்குப் போறேன்" என்றாள் அம்மா. அப்பா அல்சீட் காலையிலிருந்தே குடித்திருந்தார். வார்த்தை தடித்தது. அம்மா படுக்கையறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். அப்பா பரணில் ஏறிக் கோடாரியை எடுத்துவந்தார். கதவில் மூன்று வெட்டு. மூன்றாவது வெட்டு இரும்புக் கீலில் பட்டு, கோடாரியின் வாய் ஓரத்தில் பிறை மாதிரி ஒரு துண்டு தெறித்துப் போனது. அந்தச் சத்தத்தில் அவருக்கே போதை இறங்கியிருக்க வேண்டும். கோடாரியைக் கீழே போட்டுவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்து அழுதார்.

அழுதால் ஆயிற்றா? அம்மா வெளியே போகச் சொன்னாள். அன்றே அவர் தன் இறால் படகில் குடியேறினார். மறுநாள் காலை நான் கோடாரியை எடுத்துப்போய்ப் படகுத்துறையிலிருந்து வீசிவிட்டு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அதை அப்பாதான் எடுத்துப் போய்விட்டார் என்று அம்மா நினைத்தாள். "போகட்டும், பீடை" என்று என்னிடம் மட்டும் சொன்னாள். வேறு கோடாரி வாங்கவும் இல்லை. கதவில் அந்த மூன்று வெட்டும் அப்படியே இருந்தன. அவற்றின் வழியாக அம்மாவின் கட்டில் தெரியும்.

பத்து மாதம் கழித்துப் புயல் வந்தது. டெக்சஸ் பக்கம் போகும் என்று ரேடியோ சொன்னதை நம்பி, விடியற்காலை ஐந்து மணிக்கு அம்மா காரை எடுத்துக்கொண்டு டவுனுக்கு வேலைக்குப் போனாள். முதியோர் இல்லத்தில் சமையல் அவளுக்கு. எட்டு மணிக்குப் புயல் எங்கள் பக்கம் திரும்பிவிட்டது. ஒன்பதுக்குச் சாலை தண்ணீரில் இருந்தது. டெலிபோன் செத்துவிட்டது.

என் தம்பி உலீஸுக்குப் பதிமூன்று வயது. அவன் ஜன்னலில் நின்று சைப்ரஸ் மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். புயல் என்றால் படகுகளை அந்த மரக்காட்டுக்குள் கொண்டுபோய்க் கட்டுவது வழக்கம்.

"அக்கா, அப்பா படகு அங்கதான் இருக்கும். நம்ம தோணியில போனா கால் மணி நேரம். இப்பவே போயிடலாம்."

"அந்த ஆளு படகுல நான் கால் வைக்க மாட்டேன்."

"நீ வைக்காட்டிப் போ. நான் போறேன்."

"போடா பாக்கலாம்! காலை ஒடிச்சிடுவேன்."

"உனக்கு வீம்புதான் பெருசு" என்றான்.

ஆமாம், வீம்புதான். வேறென்ன? அரைமணி நேரத்தில் காற்று தோணியைக் கயிற்றோடு பிய்த்துக்கொண்டு போயிற்று. அதன் பிறகு வீம்பு பிடிக்கக்கூட வழியில்லை.

தண்ணீர் முதலில் தரைப்பலகை இடுக்கில் ஊறியது. பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு வந்தது. சோபா மிதந்தது, ஐஸ்பெட்டி மல்லாந்தது. இடுப்பளவு வந்ததும் உலீஸ் ஏணியில் ஏறினான். நான் அவன் பின்னால் ஏறினேன். பரணில் இருட்டு. முக்கோணச் சுவரில், காற்றுக்காக விட்ட, கை மட்டும் நுழையும் சட்ட இடுக்குகளின் வழியாக ஒரு கீற்று வெளிச்சம் வந்தது. உலீஸ் நேராக உத்திரத்துக்குப் போய்த் தடவினான்.

"அக்கா, ஆணி மட்டும் இருக்கு. கோடாரிய எங்க காணோம்?"

நான் ஏணித் துளையில் ஏறும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அம்மா எங்கயாவது வச்சாளா? சொல்லேன்!"

"நான்தான்டா ஓடையில வீசிட்டேன்."

அவன் பாய்ந்து வந்து என் தோளிலும் முதுகிலும் குத்தினான். "அவர் கதவத்தான வெட்டினாரு! அம்மாவ வெட்டலியே! நீ நம்மள சாகடிக்கிறியேடி!" அக்கா என்று கூப்பிடுகிறவன் டி போட்டுப் பேசியது அந்த ஒரு நாள்தான். அடிக்கட்டும் என்று நின்றேன். வாங்க வேண்டியதுதானே.

அடித்து ஓய்ந்ததும் இருவருமாகக் கூரையை உதைத்தோம். பழைய இரும்புச் சட்டியால் இடித்தோம். கைதான் கிழிந்தது. எங்கள் கூரைப் பலகை சைப்ரஸ், லேசில் அசையாது. தண்ணீர் ஏணித் துளை வழியாகப் பொங்கி முழங்காலுக்கு வந்தது, பிறகு மார்புக்கு வந்தது. உத்திரத்தில் ஒரு தண்ணீர்ப்பாம்பு சுருண்டு கிடந்தது. அதற்கும் போக இடமில்லை. உலீஸுக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. அவனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இவனையாவது விட்டுவிடு தாயே, இவன் போகிறேன் என்றுதானே சொன்னான் என்று மாதாவிடம் கெஞ்சினேன்.

அப்போது கூரையில் ஏதோ மோதியது. பிறகு காலடி. பிறகு ஒரு வெட்டு.

அந்தச் சத்தம்! அதே கனம், அதே கை. கதவு, கம்போ வாசனை, உள்ளே அம்மா கத்தியது, எல்லாம் ஒன்றாக வந்தது. உலீஸ் "அப்பா!" என்று வாயைத் திறந்தான். நான் அவன் வாயைப் பொத்தினேன். சத்தியமாகச் சொல்கிறேன், பொத்தினேன்! கழுத்து வரைக்கும் தண்ணீரில் நின்றுகொண்டு, காப்பாற்ற வந்தவர் காதில் விழுந்துவிடக் கூடாதென்று தம்பியின் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

மேலே வெட்டு நின்றது.

"எல்மீர்! உலீஸ்! உள்ள இருக்கீங்களா? சத்தம் குடுங்கம்மா! நீங்க எங்க நிக்கிறீங்கன்னு தெரியாம நான் எப்படி ஓங்குவேன்? தலையில பட்டுடுமே!"

காற்றில் குரல் பிய்ந்து பிய்ந்து வந்தது. அவர் அழுகிறார் என்று தெரிந்தது. உலீஸ் என் உள்ளங்கையைக் கடித்தான். கையை எடுத்தேன். ஆனால் அவனுக்குக் குரல் வரவில்லை, இருமல்தான் வந்தது. இனி நான்தான் கத்த வேண்டும். பத்து மாதமாக அவரை நான் அப்பா என்று கூப்பிட்டதில்லை.

"அப்பா! சமையல்கட்டுப் பக்கம் நிக்கிறோம்! நீங்க வாசப்பக்கம் வெட்டுங்க! வெட்டுங்கப்பா!"

வெட்டினார். நாலாவது வெட்டில் பலகை பிளந்து வெளிச்சம் விழுந்தது, கோடாரியின் வாய் உள்ளே வந்தது. ஓரத்தில் பிறை மாதிரி ஒரு துண்டு இல்லை. குளிரில் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

முதலில் உலீஸைத் துளை வழியாக மேலே தள்ளிவிட்டேன், பிறகு நான் ஏறினேன். கூரையோடு கட்டியிருந்த தகரப் படகில் அப்பா இருவரையும் குப்புறப் போட்டுத் தார்ப்பாயால் மூடினார். மரக்காட்டுக்குள் போய்ச் சேர்ந்து, இறால் படகின் அறையில் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தபோது அவரே பேசினார்.

"விடியக்காலையில நம்ம வீட்டு வழியாத்தான் வந்தேன். கார் இல்ல. எல்லாரும் டவுனுக்குப் போயிட்டீங்கன்னு நெனச்சேன். அப்புறம் உங்கம்மா டவுன்ல யாரோட வயர்லெஸ்லயோ என் படகு ரேடியோவுக்குக் கூப்பிட்டா. புள்ளைங்க வீட்ல இருக்குது, கோடாரிய நீதான எடுத்துட்டுப் போன, கொண்டுபோய் அவங்களக் காப்பாத்துன்னா."

"அத நான் ஓடையில வீசினேன்" என்றேன்.

"தெரியும்மா. ஜனவரியில வாடைக்காத்து அடிச்சு ஓடைத் தண்ணியெல்லாம் வத்திச்சே, அப்ப நம்ம துறைக்குப் பக்கத்துல பிடி மட்டும் சேத்துல நீட்டிக்கிட்டு இருந்துச்சு. யாரு வீசியிருப்பான்னு தெரிஞ்சுது. ஏன்னும் தெரிஞ்சுது. படகுல எடுத்து வச்சிக்கிட்டேன். திருப்பிக் கொண்டாந்து குடுக்கத்தான் மூஞ்சி இல்ல."

அழுதேன். நன்றியில் அழுதேனா, கோபத்தில் அழுதேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

தண்ணீர் வடிய ஒன்பது நாள் ஆனது. வெட்டு விழுந்த அந்தக் கதவு எங்கே போயிற்றோ, கீல்கூட மிஞ்சவில்லை. அம்மா எங்கள் இருவரையும் கட்டிக்கொண்டு அழுது முடித்தாள். பிறகு படகுத்துறையில் நின்ற அப்பாவைப் பார்த்து, "புள்ளைங்களுக்காகத்தான் கூப்பிட்டேன். வேற எதுவும் நெனச்சுக்காத" என்றாள். அப்பா தலையாட்டினார். பகலெல்லாம் கூரையைச் சரிசெய்தார், சாயங்காலம் படகுக்குப் போனார். கூரை வேலை முடிந்த அன்று கோடாரியைப் பிடி என் பக்கமாகத் திருப்பி நீட்டினார்.

"நீயே மாட்டும்மா. இனி நான் தொடல."

பரணில் ஏறி ஆணியில் மாட்டினேன். இறங்கி வந்து, ஏணியைத் தூக்கி என் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். புயல் வந்தால் என் கைக்கு எட்டும், என்னை எழுப்பாமல் வேறு யாரும் பரணில் ஏற முடியாது. அவர் வாசலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏணி இனிமே அங்கதானா?"

"அங்கதான்பா."

"சரிம்மா" என்றார். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு படகுக்கு நடந்தார்.