மலைக்கு நேர்ந்த முடி

குழந்தையைக் குளிப்பாட்டித் துடைத்ததும் ரத்தினம்மா முதல் வேலையாகக் கம்பளிக் குல்லாவை அதன் தலையில் மாட்டினாள். புத்தலப்பட்டின் பங்குனி வெயிலில், செத்துப்போன பிள்ளைக்குக் குல்லா எதற்கு என்று ஹேமநாத் கேட்கவில்லை. காதுக்கு மேலே மழித்திருந்த இடத்தை ஊரார் பார்த்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

ரத்தினம்மா அவனுக்கு அக்கா, அவன் மனைவி தரணிக்கு அம்மா. பிள்ளையின் முதல் முடி திருமலைக்கு என்று நேர்ந்துகொண்டவளும் அவள்தான். சித்தூரில் ரத்தம் ஏற்றியும் வெளிறல் போகாததால் திருப்பதிக்குத் தூக்கிப் போனார்கள். கையில் நரம்பு கிடைக்கவில்லை. தலையில் ஊசி போட நர்ஸ் ஒரு பக்கம் மழித்தபோது தரணிதான் பிடித்துக்கொண்டாள். விழுந்த முடியைக் கைக்குட்டையில் முடிந்தும் வைத்தாள்.

"சாமிக்கு வச்ச முடிய எடுக்கசொல்ல பாத்துக்கினு இருந்துட்டியேடி" என்று ரத்தினம்மா காலையிலிருந்து மகளின் காதோரம் சொல்லிக்கொண்டே இருந்தாள். அதைத் தரணி நம்பிவிட்டாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டி அவனிடம் தெலுங்கில் விளக்கியிருந்தார். எலும்பெல்லாம் கல்லாக இறுகிவிட்டது, உள்ளே ரத்தம் ஊற இடமில்லை, பார்வை போனதும் அதனால்தான். பிறகு, சொந்தத்தில் கல்யாணமா என்று கேட்டு, அப்பா அம்மா இரண்டு பக்கமிருந்தும் வந்த நோய் என்றார். அதை மட்டும் அவன் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. தன் மகளைத் தம்பிக்குக் கட்டிவைத்தது அக்காவின் ஆசை. சொன்னால் அவள் உடைந்துவிடுவாள். சொல்லாவிட்டால் தரணி காலமெல்லாம் இதைச் சுமப்பாள்.

குழி தயார் என்று வாசலில் குரல் கேட்டது.

"அக்கா, முடியால இல்ல. பொறக்கசொல்லவே எலும்புல இருந்த சீக்கு. எங்கிட்ட பாதி, தரணிகிட்ட பாதி. ரெண்டும் நம்ம வூட்டு ரத்தந்தான். டாக்டர் சொன்னாரு."

ரத்தினம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

தரணி நிமிர்ந்து பார்த்தாள். "மழிக்காம இருந்திருந்தாலும் போயிருப்பாளா மாமா?"

"போயிருப்பா."

அவள் இடுப்பிலிருந்த கைக்குட்டையை எடுத்து அவிழ்த்தாள். தீட்டுக் கழிந்ததும் மலைக்குக் கொண்டுபோகச் சொல்லித் தரப்போகிறாள் என்று அவன் கையை நீட்டினான். தரணி குல்லாவைக் கழற்றி அந்தக் கையில் வைத்தாள். கைக்குட்டையிலிருந்த முடியை, மழித்திருந்த இடத்தில் பரப்பி, உள்ளங்கையால் படிய வைத்தாள்.

வாசலில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹேமநாத் குல்லாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, முடி கலையாமல் மகளைத் தூக்கினான்.