ஒற்றைக் கண்ணும் மூன்று தும்மலும்

அம்மாவை உள்ளே கூட்டிப் போய்க் கதவைச் சாத்திவிட்டார்கள். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அப்பா மட்டும் அம்மாவின் செருப்பை ஒரு பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, சொந்த வீட்டுக் கூடத்தில் இருப்பவர் போல இருந்தார்.

"கண்புரை எடுக்குறதெல்லாம் இப்போ பல்லு புடுங்குற மாதிரிதான். சும்மா உக்காரு."

"பல்லு வாய் நெறைய இருக்குப்பா. அம்மாவுக்குக் கண்ணு ஒண்ணுதான் இருக்கு."

சொன்ன பிறகு எனக்கே சுருக்கென்றது. என் வாய் அப்படி. கத்தரிக்கோல் கையில் இல்லாவிட்டாலும் வெட்டும் என்பாள் அம்மா.

நானும் அம்மாவும் தையல்காரிகள். ஒரே கடை, எதிரெதிரே இரண்டு மிஷின். நான் தொட்டிலில் கிடந்த காலத்தில் தடித்த கான்வாஸ் துணி ஒன்றைத் தைக்கும்போது மிஷின் ஊசி ஒடிந்து, தெறித்து, அம்மாவின் இடது கண்ணில் பாய்ந்துவிட்டது. மிச்சமிருந்த வலது கண்ணை வைத்துத்தான் கடையையும் நடத்தினாள், என்னையும் வளர்த்தாள். அந்தக் கண்ணிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் புரை விழுந்தது. போன மாதம் ஒருவருடைய கறுப்பு கோட்டுக்குக் கருநீல நூலில் பொத்தான் தைத்துக் கொடுத்துவிட்டாள். அவர் கோபப்படக்கூட இல்லை, சிரித்தார். அம்மா அன்று முழுக்க மிஷினில் உட்காரவில்லை. அவளை நச்சரித்து, சண்டை போட்டு, ஆபரேஷனுக்குச் சம்மதிக்க வைத்தது நான்தான். ஏதாவது ஆனால் யாரைக் குறை சொல்வது?

காத்திருக்கும் அறை இருட்டாக இருந்தது. கண் ஆஸ்பத்திரி என்பதால் எல்லா ஜன்னலுக்கும் தடித்த திரை. ஒன்றுக்கும் அடிமடிப்பு ஒழுங்கில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று தோன்ற, கொஞ்சம் காற்று வாங்கலாம் என்று வாசலுக்கு வந்தேன். வெயில் முகத்தில் அடித்தது.

மூக்கு நமநமத்தது. ஒன்று, இரண்டு, மூன்று. அடுக்காகத் தும்மினேன்.

இது எங்களுக்குப் பழகிய விஷயம். நிழலிலிருந்து வெயிலுக்கு வந்தால் எனக்கும் அம்மாவுக்கும் தும்மல் வரும், அதுவும் மூன்றாக. "உங்க ரெண்டு பேருக்கும் மூக்கோட சுவிட்ச கண்ணுல வெச்சுட்டான்" என்று அப்பா கேலி செய்வார். அவர்களுடைய கல்யாண போட்டோவிலேயே பளிச்சென்ற விளக்குக்கு முன்னால் அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்பாள். தும்மலை அடக்கியவள் முகம் அது. பார்ப்பவர்கள் மாப்பிள்ளை பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைப்பார்கள்.

சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

காலையில் நர்ஸ் கேட்டார்: "சளி, இருமல், தும்மல் ஏதாவது இருக்காம்மா?"

"ஒண்ணும் இல்லம்மா, கல்லு மாதிரி இருக்கேன்" என்றாள் அம்மா. நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். பொய் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் தும்மல் என்றால் ஜலதோஷம். வெயில் தும்மலை யாரும் தும்மல் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அதை எதற்கு ஆஸ்பத்திரியில் சொல்வார்கள்?

நர்ஸ் இன்னொன்றும் சொல்லியிருந்தார்: "மேல பெரிய லைட் போடுவாங்க. கண்ணுக்குக் கீழ ஒரு ஊசி போட்டு மரத்துப்போக வைப்பாங்க. அந்த நேரம் தல அசையாம இருந்தா போதும்."

விளக்கு. ஊசி. அம்மாவின் ஒற்றைக் கண்.

உள்ளே ஓடினேன். அப்பா என்னவென்று கேட்டதுகூடக் காதில் விழவில்லை. ஆபரேஷன் அறைக் கதவுக்கு முன்னால் போய் நின்று, ஓங்கித் தட்டக் கையைத் தூக்கிவிட்டேன். தூக்கிய கை அப்படியே நின்றது. இந்த நொடியில் ஊசி அவள் கண்ணோரம் இருந்தால்? நான் தட்டுகிற சத்தத்தில் டாக்டரின் கை ஆடிவிட்டால்? ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று அம்மா சொல்லிச் சொல்லி அலுத்திருக்கிறாள். போதாக்குறைக்கு இன்னொரு சந்தேகம். அம்மா கடைசியாக வெயிலுக்குத் தும்மியது எப்போது? நினைத்துப் பார்த்தால் புரை முற்றியதிலிருந்து அவள் தும்மவே இல்லை. வெளிச்சமே உள்ளே போகாத கண்ணுக்குத் தும்மல் எங்கிருந்து வரும்? ஒன்றுமில்லாததற்குப் போய் நானே கையை ஆட வைத்துவிடுவேனோ?

கதவோரம் சின்ன மணி ஒன்று இருந்தது. என் வாழ்க்கையில் எதையும் அவ்வளவு மெதுவாகத் தொட்டதில்லை. அழுத்தினேன். நர்ஸ் கதவை ஒரு விரல்கடை திறந்தார்.

"எங்கம்மா தும்முவாங்க" என்றேன் ரகசியம் போல.

"சளியா? காலைல இல்லன்னீங்களே?"

"சளி இல்லங்க. வெளிச்சத்தப் பாத்தா தும்மல் வரும். எனக்கும் வரும். சொல்ல மறந்துட்டோம். தயவுசெஞ்சு ஊசி போட வேணாம்னு சொல்லுங்க."

அவர் என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். திட்டவில்லை. முகம் மாறி, விறுவிறுவென்று உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது.

அப்பா பின்னால் வந்து நின்றார். விஷயத்தைச் சொன்னதும் செருப்புப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அதுவரை அவருக்குப் பயமே இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

உள்ளே தும்மல் சத்தம் கேட்டது.

"நூறு" என்றார் அப்பா, தும்மினால் ஆயுசு சொல்லும் வழக்கப்படி. அடுத்தது கேட்டது. "எரநூறு." மூன்றாவதுக்கு அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, ஊசி உள்ளே இருந்ததா வெளியே இருந்ததா என்ற ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தேன். அவருக்கு மட்டும் என்ன தெரியும்?

டாக்டர் வெளியே வந்தார். வயதில் என்னைவிடச் சின்னவர்.

"ஊசி எங்கிட்டதான் இருந்துச்சு. அவங்க கண்ணுல படல" என்றார் முதல் வேலையாக. அதற்காகவே அவர் நன்றாக இருக்க வேண்டும். "நர்ஸ் சொன்னதும் கைய இழுத்துட்டேன். அடுத்த நொடி தும்மிட்டாங்க."

"ஏன் டாக்டர் இப்படி வருது?"

"சரியா யாருக்கும் தெரியாது. கண்ணுலேர்ந்து போற சேதியும் மூக்குலேர்ந்து போற சேதியும் மூளைல எங்கயோ கலந்துடுதுன்னு சொல்றாங்க. அம்மாவுக்கு இருந்தா புள்ளைங்களுக்கும் வர வாய்ப்பு உண்டு. வியாதி இல்ல, ஆனா இனிமே எங்க போனாலும் சொல்லிடுங்க. இப்போ பெரிய லைட்ட அணைச்சுட்டு ஊசி போட்டுடறேன். மரத்துப்போனா அப்புறம் லைட் உறுத்தாது. பயப்படாதீங்க."

பயப்படாதீங்க என்றால் பயம் போய்விடுமா? கதவு மறுபடி திறக்கும்வரை நான் நகத்தைக் கடித்துத் துப்பினேன்.

மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். அந்த அரையிருட்டில் அம்மாவுக்கு விரல்களை எண்ணத்தான் தெரிந்தது. போகப் போகத் தெளியும் என்றார் டாக்டர். கறுப்புக் கண்ணாடி மாட்டி, தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்மச் சொல்லி அனுப்பினார். வாசலுக்கு வந்ததும் அம்மா கண்ணாடியின் மேல் கையை வைத்தாள்.

"கழட்டாதம்மா!"

"கொஞ்சூண்டுடி. வெயில் எப்படி இருக்குன்னு பாத்துக்கறேன்."

தூக்கியேவிட்டாள். மூக்கு சுருங்கியது, வாய் பிளந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. எனக்கு உயிரே இல்லை.

"கண்ணு? அம்மா, கண்ணு என்ன ஆச்சு? சொல்லேன்!"

அவள் ஈரக் கண்ணோடு என்னையே பார்த்தாள். அப்புறம் கையை நீட்டி, என் காலரில் ஒட்டியிருந்த நூல் துணுக்கு ஒன்றை இரண்டு விரலால் எடுத்து வெயிலில் பிடித்தாள்.

"கருநீலம்" என்றாள்.